தொங்கு தராசு: 7 கிலோ கைப்பைக்கு முதலில் வாங்க வேண்டியது

உள்நாட்டு விமானங்களில் எகானமி வகுப்புக் கைப்பைக்குப் பொதுவாக 7 கிலோதான் கணக்கு. அதற்குள் அடக்கிக் கட்ட நினைக்கும் பலர் முதலில் புதுப் பை தேடுகிறார்கள். அதற்கு முன் 500 ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு டிஜிட்டல் தொங்கு தராசை வாங்கிவிடுங்கள். கனம் எதில் இருக்கிறது என்றே தெரியாமல் எதைக் குறைப்பது?

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் கீழே இரும்புக் கொக்கி இருக்கும். இன்னொன்றில் நாடாவும் கிளிப்பும். நாடா வைத்ததையே எடுங்கள். டிராலியின் தடித்த கைப்பிடி கொக்கிக்குள் முழுதாக உட்காராது, தூக்கும்போது வழுக்கும். ஸ்பிரிங் முள் தராசு இந்த வேலைக்கு உதவாது. அதில் 6.8-க்கும் 7.2-க்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

அட்டையில் ‘10 கிராம்’ என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். எண் 10 கிராமுக்கு ஒருமுறை மாறும் என்பதே அதன் பொருள். காட்டுகிற எண் சரிதானா என்பதை நாம்தான் சோதிக்க வேண்டும். வழி எளிது. மூடி திறக்காத 1 லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் 7 எடுத்து, ஏற்கெனவே எடை பார்த்துவைத்த துணிப்பையில் போட்டுத் தூக்குங்கள். தண்ணீர் 7 கிலோ, பாட்டில் பிளாஸ்டிக் எல்லாம் சேர்த்து இன்னும் 150, 200 கிராம். துணிப்பையைக் கழித்த பிறகு 7.10-க்கும் 7.25-க்கும் நடுவில் வந்தால் நம்பலாம். மூன்று முறை தூக்கி மூன்று முறையும் வேறு வேறு எண் வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எப்போதும் ஒரே அளவு கூட்டிக் காட்டும் தராசையாவது கழித்துப் பார்த்துப் பயன்படுத்தலாம். நிலையில்லாததை ஒன்றும் செய்ய முடியாது.

பெரும்பாலான தவறுகள் தூக்கும் விதத்தில் வருகின்றன. உள்ளே இருக்கும் உலோகத் துண்டு மிக நுண்மையாக வளைவதைத்தான் தராசு எடையாக மாற்றுகிறது; ஆன் செய்யும் நேரத்தில் இருக்கும் நிலையைப் பூஜ்ஜியமாக எடுத்துக்கொள்ளும். அதனால் ஆன் செய்து 0.00 வந்த பிறகே பையைத் தொங்கவிட வேண்டும். இரண்டு கைகளாலும் பிடித்து, மெதுவாக, நேராகத் தூக்குங்கள். வெடுக்கென்று இழுத்தால் அந்த ஆட்டத்திலேயே எண் நின்றுவிடும். சக்கரம் தரையைத் தொட்டாலோ பை காலில் உரசினாலோ எடை குறைவாகத் தெரியும். திரையில் 15.4 என்று வந்தால் பதற வேண்டாம், அது பவுண்டு. அலகு பொத்தானை அழுத்தினால் 7 கிலோ என்று மாறும்.

காலியான பையைத்தான் முதலில் தூக்கிப் பார்க்க வேண்டும். சக்கரம் வைத்த கெட்டி டிராலி பல நேரம் இரண்டரை கிலோவைத் தாண்டும். சாதாரணத் துணி முதுகுப்பை 1 கிலோவை ஒட்டி இருக்கும். துணி ஒன்றையும் குறைக்காமலேயே ஒன்றரை கிலோ மிச்சம்! அடுத்து ஜீன்ஸ், ஷூ, டர்க்கி டவல். ஒரு ஜீன்ஸின் கனத்தில் இரண்டு பருத்திச் சட்டைகள் அடங்கிவிடும். ஆகவே கனமானதை உடம்பில் போட்டுக்கொண்டு, லேசானதைப் பையில் வையுங்கள். டவலுக்குப் பதில் ஈரிழைத் துண்டு போதும், சீக்கிரம் காயவும் செய்யும். பட்டுப்புடவை கொண்டுபோனால் அதைத் தனியாக எடை பார்த்துவிட்டு மற்றதைத் திட்டமிடுங்கள்.

பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது. அதனால் அதன் கனம் இந்த 7 கிலோவுக்குள்தான் வரும். 20,000 எம்.ஏ.ஹெச். (மின்சாரம் சேமிக்கும் அளவு) உள்ளதோடு ஒப்பிட்டால் 10,000 உள்ளது ஏறக்குறைய பாதி கனம்தான்.

சார்ஜர், சோப்பு டப்பா போன்ற சின்னப் பொருள்களை ஒவ்வொன்றாகத் தொங்கவிடாதீர்கள்; அவ்வளவு குறைந்த எடைக்கு இந்தத் தராசு ஒத்துவராது. எல்லாவற்றையும் ஒரு பையில் சேர்த்து நிறுத்துப் பாருங்கள். வீட்டில் 6.8-லேயே நிறுத்திக்கொண்டால் விமான நிலையத் தராசின் சிறு வேறுபாடு உங்களைப் பாதிக்காது.

பயணம் முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். மாதக்கணக்கில் உள்ளேயே கிடந்தால் கசிந்து தொடர்புத் தகட்டை அரித்துவிடும்.