டச்பே கடற்கரையில் நான்கு சனிக்கிழமைகள்: ஓர் ஓட்டப் பயிற்சி முகாம் பற்றி

திருகோணமலையில் வைகாசி, ஆனி மாதங்களில் நடைபெற்ற குழு ஓட்டப் பயிற்சி முகாமொன்றில் முதன்முறையாகக் கலந்துகொண்டேன். நான்கு சனிக்கிழமைகள், ஒவ்வொரு நாளும் ஒன்றரை மணித்தியாலம், ஆளுக்கு 4000 ரூபா. பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பிறகு ஒருநாளும் ஓடியிராத, நாற்பத்து நான்கு வயதான ஒரு பெண் இதற்குப் பணம் கட்டியது சரிதானா என்று அலுவலகத்திலும் வீட்டிலும் பலர் கேட்டுவிட்டார்கள். சரிதான் என்பதே என் பதில். ஆனால் பெயர் கொடுக்கும் முன் ஏற்பாட்டாளர்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டிய சில விடயங்கள் உள்ளன, அவற்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் விடியற்காலையில் பெண்கள் நடப்பது இப்போது சாதாரணமான காட்சி. நடப்பவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. ஓடினால் மட்டும் வீட்டில் ஏதாவது நடந்துவிட்டதோ என்று வழியில் நிறுத்தி விசாரிப்பார்கள். அந்தக் கூச்சம் காரணமாகவே தனியாக ஓடிப் பழகாமல் ஒரு குழுவைத் தேடினேன். முதல் நாள் இருபத்து நான்கு பேர் வந்திருந்தார்கள், அவர்களில் ஒன்பது பேர் பெண்கள். பயிற்றுவிப்பாளர் முன்னர் பாடசாலையில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவர். எல்லோரும் அவரை 'சேர்' என்று அழைத்தோம், அவரோ வயதுக்கு ஏற்ப எங்களை அக்கா, தம்பி, தங்கச்சி என்று அழைத்தார். தமிழில் சொன்ன ஒவ்வொன்றையும் சிங்களத்திலும் திரும்பச் சொன்னார், அதற்காக ஒருபோதும் அவசரப்படவில்லை.

முதல் இருபது நிமிடங்கள் எங்கள் சப்பாத்துகளிலேயே கழிந்தன. அவற்றைக் கழற்றித் தலைகீழாகப் பிடிக்கச் சொன்னார். என் சப்பாத்தின் அடியில் குதிகாலின் வெளி ஓரம் மட்டும் தேய்ந்து வழுவழுப்பாகியிருந்தது. என் நடையில் ஏதோ கோளாறு என்று பல வருடங்களாக எண்ணியிருந்தேன். பெரும்பாலானோருக்குப் பாதம் முதலில் நிலத்தைத் தொடுவது அந்த இடத்தில்தான் என்றும், அதைக் கண்டு கலங்கத் தேவையில்லை என்றும் அவர் விளக்கினார். மீண்டும் போட்டுக்கொண்டு நின்றபோது, முன்புறத்தை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, உண்மையான குறை அங்கே இருப்பதாகச் சொன்னார். என் பெருவிரல் சப்பாத்தின் நுனியை முட்டிக்கொண்டிருந்தது. ஓடும்போது பாதம் சற்று வீங்கும் என்பதால் பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். ஓட்டச் சப்பாத்து பொதுவாக 500 முதல் 800 கிலோமீற்றர் வரை தாங்கும் என்பதையும் அன்றுதான் அறிந்தேன்.

இந்த முகாமின் பெறுமதி முழுவதும் அதற்குப் பிறகு நடந்த ஒரு காரியத்தில் இருக்கிறது என்பேன். வீதியோரத்தில் ஒவ்வொருவரையும் தனித்தனியாக ஏறத்தாழ முப்பது மீற்றர் ஓடச் சொல்லி, உதவியாளர் ஒருவர் முழங்கால் உயரத்தில் கைத்தொலைபேசியைப் பிடித்து அசைவுகளை மெதுவாகக் காட்டும் காணொளியாகப் பதிவு செய்தார். என்னுடையதைப் பார்த்தபோது நெஞ்சு கனத்தது. முழங்கால் நேராக நீண்டு, பாதத்தின் நுனி வானத்தைப் பார்க்க, குதிகால் உடம்புக்கு வெகு முன்னால் போய் நிலத்தில் குத்துகிறது. குத்தும் கணத்தில் உடம்பு முழுவதும் ஒருமுறை தடைப்பட்டு, பிறகுதான் அந்தக் காலைத் தாண்டி முன்னே வருகிறது. ஒவ்வொரு அடியிலும் எனக்கு நானே பிரேக் போட்டுக்கொண்டிருந்தேன். முன்பாதத்தால் ஓடுங்கள் என்று அவர் சொல்லியிருந்தால் மறுநாளே கெண்டைக்கால் பிடித்து வீட்டில் கிடந்திருப்பேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. பாதத்தின் எந்தப் பகுதி முதலில் படுகிறது என்பதைவிட, அது உடம்புக்கு எவ்வளவு முன்னால் படுகிறது என்பதையே கவனிக்கச் சொன்னார். கண்ணாடியில் பார்த்தோ, புத்தகம் படித்தோ இதை நான் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

அதைத் திருத்த அவர் கொடுத்த வழி ஓர் எண்ணிக்கை மட்டுமே. அரை நிமிடத்துக்கு வலது கால் எத்தனை தடவை நிலத்தில் படுகிறது என்று எண்ணச் சொன்னார். எனக்கு 39 வந்தது. நான்கால் பெருக்கினால் நிமிடத்துக்கு 156 அடிகள். 1984ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் நெடுந்தூர ஓட்டக்காரர்களின் அடிகளை ஜாக் டானியல்ஸ் என்ற அமெரிக்கப் பயிற்றுவிப்பாளர் எண்ணிப் பார்த்தபோது, அநேகமாக எல்லோரும் நிமிடத்துக்கு 180 அடிகளோ அதற்கு மேலோ வைத்தார்கள் என்பதையும், அந்த 180ஐ எல்லோருக்கும் உரிய விதியாக எடுத்துக்கொண்டு புதியவர்கள் பலர் அவதிப்படுகிறார்கள் என்பதையும் சேர் விளக்கினார். இப்போதுள்ள எண்ணிக்கையிலிருந்து நூற்றுக்கு ஐந்து கூட்டினாலே முழங்காலில் விழும் சுமை குறையும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எனக்கு அது அரை நிமிடத்தில் வலது காலுக்கு இரண்டு அடிகள் மட்டும். 39 என்பது 41 ஆக வேண்டும். இவ்வளவு சிறிய ஒரு மாற்றத்தைக் கையில் கொடுத்து அனுப்பினால் யாராலும் செய்ய முடியும்.

வேகத்தைப் பற்றிய பாடமும் அதே போன்று எளிமையானது. பேச முடிகிற வேகத்தில் மட்டும் ஓட வேண்டும். அதைச் சோதிக்க, இருவர் இருவராக ஓடிக்கொண்டே பதினாறாம் வாய்பாட்டைச் சொல்லச் சொன்னார். எனக்கு இணையாக வந்தவர் கிண்ணியாவைச் சேர்ந்த ஓர் இளம் பெண். முழுக்கை அங்கியும் முக்காடுமாக அந்த வெக்கையில் என்னைவிட இலகுவாக ஓடினார். ஏழாவது வரியில் எனக்கு மூச்சு முறிந்தது. "அக்கா, நடப்போம், எட்டிலிருந்து நான் சொல்றேன்" என்றார். ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்ற முறையில் அன்று இருபது நிமிடங்களை நிறைவு செய்தோம். முழு வாய்பாட்டையும் ஒரே மூச்சோட்டத்தில் சொல்லி முடித்தது நான்காவது சனிக்கிழமையில்தான்.

இரண்டாவது வாரம் பிரட்றிக் கோட்டைக்குள் ஏற்றத்தில் ஓடப் பழகினோம். ஏறும்போது அடியைச் சுருக்க வேண்டும், இறங்கும்போது பின்னால் சாயக் கூடாது. மான்கள் வீதியைக் கடந்தால் எல்லோரும் நடக்க வேண்டும் என்பது அவருடைய கட்டளை. கோணேசர் கோயிலுக்கு வழிபட வருபவர்கள் கூடும் இடத்துக்கு வெகு முன்னரே எங்களைத் திருப்பிவிட்டார். அந்த மரியாதை எனக்கு மிகவும் பிடித்தது. கடற்கரை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க ஏன் வீதியில் ஓட வைக்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். மென்மணலில் ஓடக் கெட்டித் தரையைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு சக்தி செலவாகும் என்பதும், கரையின் சரிவில் ஒரு கால் எப்போதும் தாழ்ந்தே படும் என்பதும் அவருக்குக் கிடைத்த பதில்.

இனிக் குறைகள். காலை 5.30 என்று அறிவித்துவிட்டு முதல் மூன்று வாரங்களும் ஆறு மணிக்குப் பிறகே தொடங்கினார்கள். மற்ற ஊர்களில் அரை மணித்தியாலம் பெரிய விடயமாக இல்லாதிருக்கலாம். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலையில் ஏழு மணி வெயில் எப்படியிருக்கும் என்பதை இங்கே வாழ்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மூன்றாவது வாரம் எங்கள் தொடக்கக் குழு நிலாவெளி வீதியில் 2 கிலோமீற்றர் போய்த் திரும்ப வேண்டியிருந்தது. 'யாரையும் விட்டுவிட்டு ஓட மாட்டோம்' என்று முதல் நாள் சொல்லியிருந்தும், கடைசியில் வந்த எங்கள் மூவருக்குப் பின்னால் வழிகாட்டி எவரும் இருக்கவில்லை. திரும்பும் இடத்தில் வைத்திருந்த தண்ணீரும் முன்னே போனவர்களோடு தீர்ந்துவிட்டது. எங்களில் ஒருவருக்குத் தலை சுற்றி, மதில் நிழலில் உட்கார வைத்தோம். அவ்வழியே வந்த முச்சக்கரவண்டிச் சாரதி ஒருவர்தான் தன் போத்தலைக் கொடுத்துதவினார். முதன்முறை வருபவர் எப்போதும் கடைசியில்தான் வருவார், ஆகவே ஒரு முகாமின் கவனம் முதலில் அங்கேதான் இருக்க வேண்டும். இதை அன்றே ஏற்பாட்டாளர்களிடம் நேரில் சொன்னேன். சினக்காமல் கேட்டுக்கொண்டார்கள். நான்காவது வாரம் சரியாக 5.30க்குத் தொடங்கியதோடு, உதவியாளர் ஒருவர் உப்பும் தேசிக்காயும் கரைத்த தண்ணீருடன் சைக்கிளில் எங்களுக்குப் பின்னாலேயே வந்தார்.

திருத்தப்படாத குறைகள் இரண்டு. வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளை அச்சிட்டுக் கொடுத்த தாள் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. இரண்டு மொழிகளில் அவ்வளவு பொறுமையாகக் கற்பித்த ஒருவரின் முகாமில் இது நேர்ந்திருக்கவே கூடாது. என் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் உதவியோடு அதைத் தமிழில் எழுதி, கேட்டவர்களுக்குப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். மற்றது, பெண்களுக்கு உடை மாற்றவும் கழிப்பறைக்குச் செல்லவும் எந்த ஏற்பாடும் இருக்கவில்லை. தொலைவிலிருந்து பேருந்தில் வரும் பெண்கள் பணம் கட்டும் முன் இதை அவசியம் விசாரித்துக்கொள்ள வேண்டும். சீனி வியாதி, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் முதலில் வைத்தியரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. முகாமில் எவரும் அதைப் பற்றி எங்களிடம் வினவவில்லை.

இப்போது ஞாயிறு காலைகளில் கிண்ணியாவுக்குப் போகிறேன். 2009இல் திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலத்தின் நீளம் 396 மீற்றர், மைதானத்தின் ஒரு சுற்றைவிட 4 மீற்றர்தான் குறைவு. முகாமில் எனக்கு இணையாக ஓடிய அந்தத் தங்கச்சி பாலத்தின் அந்தப் பக்கத்தில் காத்து நிற்பார். ஒரு தடவை ஓடிக் கடந்து, திரும்பும்போது நடந்து வருவோம். சென்ற ஞாயிறு அரை நிமிடம் எண்ணிப் பார்த்தேன், வலது கால் 41. புரட்டாதியில், மழைக்கு முன்னர், அடுத்த முகாம் நடைபெறும் என்று அறிவித்திருக்கிறார்கள். நாங்கள் இருவரும் அதற்கும் பெயர் கொடுத்துவிட்டோம்.