வேதாரண்யம் தகரக் கூரைக்கு எந்தக் காற்றுச் சுரங்கம்?

2018 நவம்பர் 16 விடியலுக்கு முன்னால் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. விடிந்து பார்த்தால் பல வீடுகளில் சுவர் அப்படியே நின்றது. கூரைத் தகரம்தான் வயலில் கிடந்தது. கட்டடங்களைப் புயலுக்குச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தை மேம்படுத்தப் பணம் கிடைத்தால் எதில் போடுவது என்று யோசிக்கும்போது, அந்தத் தகரம்தான் என் கண்ணில் நிற்கிறது.

பெரிய மோட்டார் போட்டு வேகத்தைக் கூட்டலாம். ஆனால் வேகம் இரண்டு மடங்கானால் மின்திறன் எட்டு மடங்கு வேண்டும். சரி, அதைக் கொடுத்தாலும் பெரிய பலன் இல்லை. கூர்மையான விளிம்புள்ள கட்டடத்தில் காற்று பிரியும் இடத்தை விளிம்புதான் முடிவு செய்கிறது. மிதமான வேகத்தில் எடுத்த அழுத்தக் குணகமே (காற்றின் வேகத்திலிருந்து கட்டடத்தின் மேல் விழும் அழுத்தத்தைக் கணக்கிடும் எண்) புயலுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

சுரங்கத்தின் நீளத்தைக் கூட்டி, தரையில் கட்டைகள் பரப்பி, நிலத்தை ஒட்டி வரும் கொந்தளிப்பான காற்றை உண்டாக்கலாம். சென்னை தரமணியில் எஸ்.இ.ஆர்.சி. என்ற கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்தில் உள்ளது இந்த வகைதான். புகைபோக்கி, பாலம், உயரமான கோபுரம் என்றால் இதற்கு மிஞ்சியது கிடையாது. ஆனால் அதற்குள் வைக்க 4 மீட்டர் உயர வீட்டை 300-இல் ஒரு பங்கு மாதிரியாகக் குறைத்தால் 13 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அளவு. அதில் தகரத்தைச் சட்டத்தோடு பிடிக்கும் கொக்கி வடிவ ஜே போல்ட்டை எங்கே மாட்டுவது? அழுத்தம் எவ்வளவு என்று அது சொல்லும். வாஷர் கிழிந்து தகரம் கழன்று போவதைக் காட்டாது.

அப்புறம் விசிறிச் சுவர். மியாமியில் ஃபுளோரிடா இன்டர்நேஷனல் பல்கலைக்கழகத்தில் 12 விசிறிகளை அடுக்கி மணிக்கு 250 கிலோமீட்டர் வரை காற்றை வீச வைக்கிறார்கள். கூடவே மழையையும் அடிக்கலாம். உண்மையான தகரம், உண்மையான போல்ட். இதிலும் குறை உண்டு: இயற்கைக் காற்றில் மெதுவாக எழுந்து அடங்கும் பெரிய அலைகள் அந்த இடத்துக்குள் அடங்காது. விசிறிகளை ஓட்டும் செலவும் தனி.

என் ஓட்டு விசிறிச் சுவருக்குத்தான், ஆனால் சிறியதாக. முழு வீடு வேண்டாம், கூரையின் ஒரு மூலை போதும். உறிஞ்சும் விசை உச்சம் அடைவது அங்கேதான். கட்டடங்கள் தாங்க வேண்டிய சுமையைச் சொல்லும் இந்தியத் தர விதியான ஐ.எஸ். 875-உம் கடலோர 60 கிலோமீட்டருக்குள் மருத்துவமனை, புயல் காப்பகம் போன்றவற்றுக்குத்தான் காற்றின் வேகத்தை 1.30-ஆல் பெருக்கச் சொல்கிறது. சாதாரண வீட்டுக்குக் காரணி 1.0 மட்டுமே. ஆகவே முதல் சோதனை எரவாணத்தை ஒட்டிய கடைசி ஒரு மீட்டரில்: போல்ட் இடைவெளியைப் பாதியாக்கினால் தகரம் நிற்கிறதா?