கூலிங் மாற்றித் தருகிறோம் என்பவர்களிடம் கிராபிக்ஸ் கார்டைக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

"பேஸ்ட், பேட் எல்லாம் புதுசு, ஹீட்சிங்க்கும் கூடுதலாக ஒட்டித் தருகிறோம், 20 டிகிரி குறையும்" என்று சொல்லி ஒரு சர்வீஸ் கடை வேலை பார்த்துக் கொடுத்த ஆர்டிஎக்ஸ் 3080 கார்டைப் பற்றிய பதிவு இது. ஹீட்சிங்க் என்பது சூட்டை வெளியேற்றும் உலோகப் பகுதி; பேஸ்ட் (பசை), பேட் (மெத்தை போன்ற துண்டு) இரண்டும் சிப்புகளின் சூட்டை அதற்குக் கடத்துபவை. கடையின் திரையில் கோர் (கார்டின் முதன்மைச் சிப்) 61 டிகிரி காட்டியது. அதைப் பார்த்துப் பணம் கொடுத்தாகிவிட்டது. வீட்டில் கேம் போட்டால் முன்பு வந்த எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை பிரேம்) வரவில்லை.

காரணம் மென்பொருளிலேயே இருந்தது. முழு கம்ப்யூட்டரையும் கடையில் விட்டிருந்ததால், ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் பவர் லிமிட்டை (கார்டு எடுக்கும் மின்சாரத்தின் உச்சவரம்பை) 65 சதவீதமாக இறக்கி, ஃபேனை 100 சதவீதத்தில் பூட்டி, விண்டோஸ் தொடங்கும்போதே அது அமலாகும்படி டிக் செய்து வைத்திருந்தார்கள். 320 வாட் எடுக்க வேண்டிய கார்டு சுமார் 208 வாட்டில் ஓடியது. அவ்வளவு குறைத்தால் எந்தக் கார்டும் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். இரண்டையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்து அரை மணி நேரம் ஓட்டியதும் உண்மை வெளிவந்தது: கோர் 79, ஹாட்ஸ்பாட் (சிப்பின் மிகச் சூடான புள்ளி) 105, மெமரி 110. இந்தக் கார்டில் உள்ள ஜிடிடிஆர்6எக்ஸ் வகை மெமரி 110-ஐத் தொட்டால் கார்டு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

இந்த மூன்று எண்களையும் படிக்கத் தெரிந்தால் கார்டைத் திறக்காமலே பாதி விஷயம் புரிந்துவிடும். ஒழுங்காகப் பொருத்திய கார்டில் கோருக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் பெரும்பாலும் 10 முதல் 15 டிகிரிதான் வித்தியாசம் இருக்கும். 25-ஐத் தாண்டினால் ஹீட்சிங்க் சிப்பின் மேல் சமமாக உட்காரவில்லை, அல்லது பேஸ்ட் ஓரிடத்தில் இல்லை என்று பொருள். கோர் ஓரளவு இருந்து மெமரி மட்டும் கொதித்தால், பேட்டில்தான் கோளாறு. இங்கே இரண்டுமே இருந்தது.

ஹீட்சிங்க்கைக் கழற்றியபோது மெமரி, விஆர்எம் (மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதி) எல்லா இடத்திலும் ஒரே 2 மிமீ பேட். இந்தக் கார்டில் மெமரிக்கு முதலில் இருந்தது 1.5 மிமீ. அரை மில்லிமீட்டர்தானே என்று விடக்கூடாது. பேட் மென்மையாக இருந்தால் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். இவர்கள் போட்டது கெட்டியான மலிவு ரகம், அமுங்கவே இல்லை. அதனால் ஹீட்சிங்க் மெமரியின் மேல் முட்டுக்கொடுத்து நின்றுவிட்டது. கோர் சிப்பின் ஒரு ஓரத்தில் பேஸ்ட் பிழியப்படாமல், தடவியபோது இருந்த மேடு அப்படியே சாம்பல் நிறத்தில் நின்றது. நன்றாக அழுந்திய பேஸ்ட் அடியில் உள்ள சிப் மங்கலாகத் தெரியும் அளவுக்கு மெலிந்துவிடும்.

இன்னொன்றும் இருந்தது. 10 மெமரி சிப்புகளில் மூன்றின் பேடில் பாதுகாப்புப் பிளாஸ்டிக் தாளை உரிக்கவே இல்லை. பேடின் இரு பக்கமும் தாள் இருக்கும். ஒரு பக்கம் நீல நிறம், மறுபக்கம் நிறமற்றது. நீலத்தை உரித்தவர் மற்றதைக் கவனிக்கவில்லை. ஓரத்தை நகத்தால் தூக்கியதும் கண்ணாடி போன்ற தாள் பளபளவென்று பிரிந்து வந்தது. பேட் எத்தனை வாட் கடத்தும் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் இந்தத் தாள் நடுவில் இருக்கும்வரை அதற்கு மதிப்பில்லை.

கோரைச் சுற்றி இருக்கும் நான்கு ஸ்பிரிங் ஸ்க்ரூக்களில் ஒன்றில் ஸ்பிரிங் காணோம். வெறும் ஸ்க்ரூவை இறுக்கிவிட்டிருந்தார்கள். ஸ்பிரிங் இருப்பது நான்கு மூலையிலும் ஒரே அழுத்தம் விழுவதற்காக. கிராபிக்ஸ் கார்டில் சிப்பின் மேல் உலோக மூடி கிடையாது, சிலிக்கான் அப்படியே வெளியே தெரியும். ஒரு மூலையை மட்டும் முறுக்கினால் ஓரம் உடையும். உடைந்தால் கார்டு அத்தோடு சரி.

"கூடுதல் ஹீட்சிங்க்" என்றது, பின்பக்கத் தகட்டின் மேல் ஒட்டிய சின்னச் சின்ன அலுமினியத் துண்டுகள். 3090 கார்டில் 24 மெமரி சிப்புகளில் 12 பின்பக்கம் இருப்பதால், தகட்டுக்கும் சிப்புக்கும் நடுவில் பேட் இருந்து, மேலே காற்றும் அடித்தால் அங்கே பயன் உண்டு. 3080-யில் பின்பக்கம் மெமரியே இல்லை. இந்தக் கார்டில் தகட்டுக்கு அடியில் ஒரு பேட் கூட இல்லை. ஒட்டும் டேப் சூட்டில் இளகினால், துண்டு நழுவி மதர்போர்டின் மேல் விழுந்து ஷார்ட் ஆக வாய்ப்பு உண்டு. அதனால் அவற்றை உடனே எடுத்துவிடுவதே நல்லது.

சரிசெய்யும் முறை இது. பழைய பேட்களின் அழுந்தாத ஓரத்தை வெர்னியரில் அளந்து, அல்லது கார்டு தயாரிப்பாளரின் ஆதரவுப் பிரிவில் கேட்டு, ஒவ்வோர் இடத்துக்கும் உரிய தடிமனை எழுதிக்கொள்ளுங்கள். சந்தேகம் இருக்கும் இடத்தில் தெர்மல் புட்டி (சூட்டைக் கடத்தும், களிமண் போன்ற பொருள்) வையுங்கள். தேவையான உயரத்துக்குத் தானே அமுங்கிக்கொள்ளும். சிப்பை 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பேஸ்ட்டை முழுப் பரப்பிலும் மெல்லியதாகத் தடவுங்கள். 3080-யின் சிப் பெரியது, நடுவில் ஒரு சொட்டு வைத்தால் மூலைகள் காய்ந்தே கிடக்கும். நான்கு ஸ்க்ரூவையும் எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றையும் அரைச் சுற்று வீதம் இறுக்குங்கள். பிறகு ஒருமுறை கழற்றி அச்சைப் பாருங்கள்: சிப் முழுவதும் பேஸ்ட் மெலிந்திருக்க வேண்டும், எல்லா மெமரி பேடிலும் சிப்பின் சதுரத் தடம் பதிந்திருக்க வேண்டும். அது சரியாக இருந்தால் மட்டும் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவி மூடுங்கள். ஹீட்சிங்க்கைத் தூக்கும்போது ஃபேன் வயர்கள் போர்டோடு இணைந்தே இருக்கும், அவசரப்பட்டு இழுக்காதீர்கள். கனெக்டரின் பிளாஸ்டிக்கைப் பிடித்துத்தான் கழற்ற வேண்டும்.

பேஸ்ட்டுக்குப் பதிலாக லிக்விட் மெட்டல் (திரவ உலோகம்) போடுகிறோம் என்று யாராவது சொன்னால், ஹீட்சிங்க்கின் அடிப்பகுதி என்ன உலோகம் என்று முதலில் கேளுங்கள். லிக்விட் மெட்டலில் உள்ள காலியம் அலுமினியத்தை அரித்துவிடும். மின்சாரத்தையும் கடத்தும் என்பதால், சிப்பைச் சுற்றியுள்ள சின்னக் கெப்பாசிட்டர்களைக் காப்புப் பூச்சால் மூடாமல் போட விடாதீர்கள்.

கார்டைக் கொடுக்கும் முன் ஆறு எண்களை எழுதி வையுங்கள்: அறை வெப்பநிலை, வாட், ஃபேன் வேகம், கோர், ஹாட்ஸ்பாட், மெமரி. எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் அறை வெப்பநிலை தவிர எல்லாமே தெரியும். திரும்ப வாங்கும்போது அதே வாட், அதே ஃபேன் வேகத்தில் குறைந்தது 20 நிமிடம் ஓட்டச் சொல்லுங்கள். மெமரி மெதுவாகத்தான் சூடேறும், ஐந்து நிமிடச் சோதனையில் எதுவும் தெரியாது. திறந்த நிலையில் பேஸ்ட், பேட் போட்டதன் படத்தையும், எடுத்த பழைய பேட்களையும் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் அந்தக் கடையில் கார்டை விடாதீர்கள்.

ஏற்கெனவே இப்படி வேலை பார்த்த கார்டு கையில் இருந்தால், சரிசெய்யும் வரை பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்குக் கீழே வைத்து, மெமரி எண்ணைப் பார்த்துக்கொண்டே பயன்படுத்துங்கள். அப்போதும் 100-ஐத் தாண்டினால் கேம் ஓட்டாமல் நிறுத்தி வையுங்கள்.