பழகுவதற்கு எண்பூட்டு: பழைய இரும்புப் பெட்டியா, ஸ்டாண்டில் ஏற்றிய தனிப் பூட்டா?

எண்பூட்டை எண் தெரியாமல், துளை போடாமல், விரலாலும் கண்ணாலும் மட்டும் திறக்கும் கலைக்கு மேனிப்புலேஷன் என்று பெயர். இதைப் பொழுதுபோக்காகக் கற்க நினைக்கும் எல்லோருக்கும் முதலில் வரும் கேள்வி, எதை வாங்குவது என்பதுதான். எண் தொலைந்துபோன பழைய பெட்டி ஒன்றை வாங்கி வீட்டில் போடுவது ஒரு வழி. பூட்டை மட்டும் வாங்கி மரப்பலகையிலோ உலோகச் சட்டத்திலோ பொருத்திக்கொள்வது இன்னொரு வழி. நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். சார்ஜென்ட் அண்ட் கிரீன்லீஃப் கம்பெனியின் 6730 மாடல், உள்ளே எண்ணுக்கு ஒன்றாக மூன்று சக்கரம், மேசைமேல் நிற்கும் ஸ்டாண்ட். இன்றும் அதையே சொல்வேன்.

எடை, இடம், விலை பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. பெட்டியைத் தூக்க ஆள் வேண்டும், பூட்டு பைக்குள் அடங்கும். விற்க நினைத்தால் பூட்டுக்கு ஆள் சுலபமாகக் கிடைப்பார்கள். பெட்டியை விற்றாலும் வண்டிக்கூலி யார் தருவது என்ற பேரம் மிச்சமிருக்கும்.

உண்மையான வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது. ஒரு பூட்டை ஒருமுறை திறந்துவிட்டால் விடை உங்களுக்குத் தெரிந்துவிடும். அடுத்த பயிற்சிக்கு அதே பூட்டில் உங்களுக்குத் தெரியாத புதிய எண் இருந்தாக வேண்டும். எண்ணை எவ்வளவு எளிதாக, எவ்வளவு பயமில்லாமல் மாற்ற முடிகிறதோ அவ்வளவுதான் உங்கள் பயிற்சி வளரும். இந்த ஒரு விஷயத்தை முன்கூட்டியே யோசிக்காமல் பெட்டி வாங்குபவர்கள், ஒருமுறை திறந்த மகிழ்ச்சியோடு நின்றுவிடுகிறார்கள்.

6730-இல் எண் மாற்றச் சேஞ்ச் கீ என்று ஒரு சிறு கருவி உண்டு. இருக்கும் எண்ணை, டயலின் உச்சியில் உள்ள கோட்டுக்கு வைக்காமல் அதற்கு இடப்பக்கம் உள்ள மாற்றுக் கோட்டுக்கு வைத்துச் சுற்ற வேண்டும். இடப்பக்கம் நான்கு முறை முதல் எண், வலப்பக்கம் மூன்று முறை இரண்டாம் எண், மீண்டும் இடப்பக்கம் இரண்டு முறை மூன்றாம் எண். பிறகு பூட்டின் பின்புறத் துளையில் சாவியை விட்டுக் கால் சுற்று திருப்பினால் சக்கரங்களின் பிடி தளரும். புது எண்ணை அதே மாற்றுக் கோட்டுக்குச் சுற்றிவிட்டுச் சாவியைப் பழைய நிலைக்குத் திருப்பி எடுத்தால் முடிந்தது. எங்கள் வீட்டில் மகள்தான் எண் வைப்பாள். வைத்த எண்ணை எழுதி உறையில் போட்டு ஒட்டிவிடுவாள்.

ஆள் இல்லாதபோதும் வழி உண்டு. சாவி உள்ளே இருக்கும் நேரத்தில் டயலைத் துணியால் மூடிவிட்டு, தோன்றிய இடங்களில் நிறுத்தினால் போதும். ஒரே சிக்கல், இந்தப் பூட்டில் மூன்றாம் எண் 0 முதல் 20 வரை இருக்கக் கூடாது. டயலில் ஐந்தில் ஒரு பங்கு அது. கண்மூடிச் சுற்றும்போது அங்கே போய் நிற்க வாய்ப்பு நன்றாகவே உண்டு. அப்படி நின்றாலும் ஸ்டாண்டில் ஒரு கவலையும் இல்லை. பின்மூடியின் திருகுகளைக் கழற்றினால் மூன்று சக்கரங்களின் காடிகளும் (விளிம்பில் வெட்டிய பள்ளங்கள்) கண்ணுக்குத் தெரியும். சரிசெய்துவிட்டு மீண்டும் தொடங்கலாம்.

இதையே முழுப் பெட்டியில் செய்து பாருங்கள். சக்கரத்தின் பிடி சரியாக இறுகாமல் கதவை மூடிவிட்டால், உள்ளே போக மிச்சமிருக்கும் வழி பெரும்பாலும் துளை போடுவதுதான். அதனால் விவரம் தெரிந்தவர்கள் கதவைத் திறந்து வைத்து, பூட்டின் நாக்கை மட்டும் வெளியே தள்ளிவிட்டுப் பழகுவார்கள். சரியான எச்சரிக்கைதான். ஆனால் கதவு எப்போதும் திறந்தே இருக்கும் என்றால், அந்த எஃகுச் சுவர்களை வீட்டுக்குள் இழுத்து வந்ததற்கு என்ன பயன்? இன்னும் பழைய பெட்டிகள் சிலவற்றில் சேஞ்ச் கீ முறையே இருக்காது. சக்கரங்களை வெளியே எடுத்துக் கையால் மாற்ற வேண்டும். தனியாகப் பழகுபவர் அதைச் செய்தால், வைத்த எண் கண்ணில் பட்டுவிடும்.

அடிக்கடி எண் மாற்றுவதற்கு ஏன் இவ்வளவு அழுத்தம் தருகிறேன் என்று விளங்க, உள்ளே நடப்பதைச் சொல்ல வேண்டும். மூன்று சக்கரத்தின் விளிம்பிலும் ஒவ்வொரு காடி. அவற்றின்மேல் ஃபென்ஸ் என்ற உலோகத் துண்டு தொங்குகிறது. மூன்று காடியும் ஒருசேர அதன் அடியில் வந்தால்தான் அது உள்ளே விழுந்து பூட்டு திறக்கும். சக்கரங்களின் விட்டம் மயிரிழை அளவில் மாறுபடுவதால், ஃபென்ஸ் உண்மையில் உயரமான சக்கரத்தின்மேல் மட்டுமே உட்காரும். அந்தச் சக்கரத்தின் காடி அடியில் வந்ததும் ஃபென்ஸ் துளி கீழிறங்கும். ஃபென்ஸைத் தாங்கும் லீவரின் மூக்கு, டயலோடு சுழலும் கேமின் பள்ளத்தில் இடப்புறமும் வலப்புறமும் முட்டும் இரண்டு இடங்களும் அப்போது சற்று நெருங்கும். இந்தத் தொடுபுள்ளிகளை ஒரு எண்ணின் எட்டில் ஒரு பங்கு வரை படித்து, இரண்டரை எண்ணுக்கு ஒருமுறை என்று 40 இடங்களில் குறித்து வரைபடம் போட வேண்டும். இரண்டரைக்குக் காரணம், இந்த வகைப் பூட்டு ஒவ்வொரு எண்ணுக்கும் இருபுறமும் ஒன்றேகால் எண் வரை பிசகைப் பொறுத்துக்கொள்ளும். அமெரிக்காவின் அணுகுண்டு ஆய்வுக்கூடமான லாஸ் அலமோஸில் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மன் கோப்பு அலமாரிகளைத் திறந்ததும் இதே பொறுமையின் பலத்தில்தான். அவர் கண்ட பூட்டுகளில் பிசகு இருபுறமும் இரண்டு எண் வரை போனது. அதனால் ஐந்து எண்ணுக்கு ஒன்று முயன்றாலே அவருக்குப் போதுமாயிருந்தது.

படிப்பது கையில் ஊறுவதற்கு ஒரே வழி, மீண்டும் மீண்டும் புது வரைபடம் போடுவது. ஸ்டாண்டில் இன்னொரு வசதி, சக்கரங்களைக் கழற்றி ஒன்றோடு தொடங்கலாம். பிறகு இரண்டு, பிறகு மூன்று. தொடங்குபவருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

பெட்டியின் பக்கம் உள்ள நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். யாருக்கும் எண் தெரியாத, உண்மையிலேயே மூடிக் கிடக்கும் ஒரு கதவு முதல்முறை திறப்பதை ஸ்டாண்டால் தர முடியாது. பல வருட அழுக்கும் உறைந்த எண்ணெயும் தேய்ந்த அச்சும் சேர்ந்து தரும் மங்கலான தொடுபுள்ளியையும் புதுப் பூட்டு தராது. ஒரே பூட்டைப் பலமுறை திறப்பதில் வேறொரு ஆபத்தும் உண்டு. எண் மாறினாலும் சக்கரங்களின் கோணல் மாறுவதில்லை. வரைபடத்தில் அதே அலை சற்று இடம் தள்ளி வந்து நிற்கும். கலையைக் கற்பதாக நினைத்து அந்த ஒரு பூட்டின் முகத்தை மனப்பாடம் செய்துகொண்டிருப்போம். இதற்கு மருந்து இரண்டாவது பூட்டு. என் பரிந்துரை லா கார்ட் என்ற இன்னொரு கம்பெனியின் 3330. அதை நண்பர் ஒருவரின் ஸ்டாண்டில்தான் பழகினேன், தொடுபுள்ளிகள் எனக்குத் தெளிவாகவே கிடைத்தன. சொந்தமாக வைத்துத் தேய்த்தவனில்லை என்பதால் அதன் உழைப்பைப் பற்றி உறுதி தர மாட்டேன்.

பக்கம் வெட்டி உள்ளே தெரியும்படி செய்த மாதிரிப் பூட்டுகள் புரிந்துகொள்ள நல்லவை, பழகுவதற்கு அல்ல. கண் விடையைப் பார்த்துவிடும். உயர்ந்த ரகப் பூட்டுகளை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அமெரிக்காவின் யூ.எல். 768 தரவிதிப்படி குரூப் 2 எம் பூட்டு கைதேர்ந்தவர் கையில் இரண்டு மணி நேரமும், குரூப் 1 பூட்டு இருபது மணி நேரமும் தாங்க வேண்டும். சாதாரண குரூப் 2-க்கு அந்த நிபந்தனை இல்லை. 6730 இந்தக் கடைசி வகை.

பெட்டிதான் வேண்டும் என்று முடிவெடுப்பவர்களுக்கு ஒன்று. அது உங்களுடையதாக இருக்க வேண்டும், பொருள் வைத்துப் புழங்கும் பெட்டியாக இருக்கக் கூடாது. பூட்டு விளையாட்டுக்காரர்கள் உலகெங்கும் கடைப்பிடிக்கும் விதி இது. உங்கள் நகை இருக்கும் பெட்டியானாலும் விலக்கில்லை.

ஸ்டாண்ட் வழிக்கு வருபவர்கள் பழைய பூட்டு வாங்கும்போது டயல், வளையம், அச்சு எல்லாம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தற்போதைய எண்ணைக் கேட்டு எழுதி வாங்குங்கள். சேஞ்ச் கீ கம்பெனிக்குக் கம்பெனி மாறும், லா கார்ட் சாவி 6730-க்கு ஆகாது. பூட்டோடு சாவி வரவில்லையென்றால் மாடல் எண்ணைச் சொல்லித் தனியாக வாங்கிய பிறகே முதல் எண்ணை மாற்றுங்கள்.