அறைக்கு அறை பாட்டு: பைகோர்பிளேயரும் லிரியன் சேர்வரும்

ஸ்பீக்கர் வயர் இழுக்காமல் வீட்டின் பல அறைகளில் ஒரே பாட்டைக் கேட்கும் ஒழுங்கு ஒன்றை வாழைச்சேனையில் வைத்தாலும் பொத்துவிலில் வைத்தாலும், அதற்கு இரண்டு சோதனைகள் உண்டு. இன்டர்நெட் இல்லாத நேரம் பாடுமா? கரண்ட் போய் வந்தால், யாரும் கைவைக்காமல் தானாக எழும்புமா? காட்சிக்கு அழகான பெட்டிகள் பல முதலாவதிலேயே தடுமாறும். இரண்டையும் தாண்டி, கட்டுப்படியான காசிலும் முடிகிற ஒன்று ராஸ்பெரி பை என்ற சிறு கணினி அட்டைகளில் (இனிச் சுருக்கமாக 'பை') ஓடும் பைகோர்பிளேயர். அதற்குப் பாட்டை அனுப்புவது லிரியன் மியூசிக் சேர்வர். இரண்டும் இலவச மென்பொருள்.

லிரியன் என்பது புதுப் பெயர்தான். ஸ்லிம் டிவைசஸ் என்ற அமெரிக்கக் கம்பனி தன் ஸ்குவீஸ்பொக்ஸ் பெட்டிகளுக்காக எழுதிய சேர்வர் இது. 2006இல் அந்தக் கம்பனியை லொஜிடெக் வாங்கியது. 2012இல் ஸ்குவீஸ்பொக்ஸை நிறுத்தியது. மென்பொருள் திறந்த மூலமாக இருந்ததால் பாவித்தவர்களே அதைத் தொடர்ந்து வளர்த்தார்கள். 2024இல் பெயர் மாறியது. இதற்கு மறுபக்கமாக, 2025 மார்ச்சில் உலகெங்கும் கூகிளின் இரண்டாம் தலைமுறைக் குரோம்காஸ்ட், குரோம்காஸ்ட் ஓடியோ ஆகிய சாதனங்கள் திடீரென்று நின்றுபோயின; ஒரு சான்றிதழ் காலாவதியானதுதான் காரணம். கூகிள் சில நாட்களில் சரிசெய்தது. ஆனாலும் வீட்டுக்குள் இருக்கும் ஸ்பீக்கர் பாடுவதற்கு வெளிநாட்டுச் சேர்வரின் அனுமதி தேவைப்படும்வரை அந்த ஆபத்து நீங்காது. லிரியனில் பாட்டும் வீட்டில், சேர்வரும் வீட்டில்.

பைகோர்பிளேயரின் பெரிய பலம் அது ஓடும் விதம். தொடங்கும்போது முழுவதையும் எஸ்டி கார்டிலிருந்து நினைவகத்துக்கு ஏற்றிக்கொள்கிறது. அதன்பிறகு கார்டில் எழுதுவதில்லை. சாதாரண லினக்ஸ் ஓடும் பை ஒன்றில் எழுதிக்கொண்டிருக்கும் நேரம் கரண்ட் போனால் கார்ட் பழுதாகும், அடுத்த தரம் எழும்பாது. இதில் பிளக்கை அப்படியே கழற்றலாம். இதன் மறுபக்கத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும்: அமைப்பில் எதையாவது மாற்றிவிட்டுச் சேமிக்காமல் விட்டால், அடுத்த தொடக்கத்தில் அது இல்லாமல் போகும். இணையப் பக்கத்தில் 'சேவ்' அழுத்தினால் போதும்; கட்டளை வரியில் மாற்றியவர்கள் 'பிசிபி பியூ' (pcp bu) என்ற கட்டளையையும் கொடுக்க வேண்டும்.

சேர்வர் ஓடும் பைக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு முழுமையானதல்ல. பாட்டுப் பட்டியலின் தரவுத்தளம் கார்டில் அல்லது யூஎஸ்பி டிஸ்கில் எழுதப்படும். ஆகவே சேர்வருக்கும் ரவுட்டருக்கும் பட்டரி உள்ள சிறிய டிசி யூபிஎஸ் ஒன்று வைப்பது வீண்செலவு அல்ல. வாங்கமுதல் ரவுட்டரின் அடப்டரில் எழுதியிருப்பதைப் பாருங்கள்: 12 வோல்ட், 9 வோல்ட், 5 வோல்ட் என்று மாறும். பை 4க்கு 5 வோல்ட் 3 அம்பியர் வேண்டும். பழைய போன் சார்ஜரில் ஓட்டினால் மின்னழுத்தம் குறைந்து யூஎஸ்பி டிஸ்க் துண்டிக்கும், பாட்டு நடுவில் நிற்கும். பழி மென்பொருளில் விழும்.

ஹோல், குசினி, விறாந்தை என்று மூன்று இடத்துக்குத் தேவையானவை அதிகமில்லை. சேர்வருக்கு ஒரு பை 4. 2 ஜிபி நினைவகம் தாராளம். அதில் ஒரு யூஎஸ்பி டிஏசி (டிஜிட்டல் பாட்டை அம்பிளிபயருக்கு ஏற்ற ஒலியாக மாற்றும் சிறு கருவி) குத்தினால் அதே பை ஹோலின் பிளேயராகவும் வேலை செய்யும். மற்ற இரண்டு இடத்துக்கும் பை சீரோ 2 டபிள்யூ. 2021 ஒக்டோபரில் 15 டொலர் விலையில் வெளிவந்த அட்டை அது. இங்கே கைக்கு வரும்போது இறக்குமதிச் செலவும் சேரும். சீரோவில் ஹெட்போன் துளை இல்லை, ஆகவே ஒவ்வொன்றுக்கும் டிஏசி கட்டாயம். எல்லாவற்றிலும் மலிவானது பிசிஎம்5102ஏ சில்லுள்ள ஊதா நிறச் சிறு அட்டை. ஈயம் வைத்து ஒட்டத் தெரிந்தால், அட்டையின் துளைகளிலிருந்து பைக்கு ஐந்து வயர்: 5 வோல்ட் பையின் 2ஆம் பின்னுக்கு, கிரவுண்ட் 6க்கு, பிசிகே 12க்கு, எல்சிகே 35க்கு, டின் 40க்கு. பலர் விடும் இடம் அட்டையில் எஸ்சிகே என்று எழுதியுள்ள துளை. அட்டையில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் உள்ள இரண்டு திட்டுகளையும் ஒரு சொட்டு ஈயத்தால் இணைத்து அதைக் கிரவுண்டுக்குக் கொண்டுபோகாவிட்டால், ஒன்றில் சத்தமே வராது, அல்லது இரைச்சல் வரும். அட்டையின் பின்பக்கத்து நான்கு இணைப்புகளும் 1 கீழ் (எல்), 2 கீழ், 3 மேல் (எச்), 4 கீழ் என்று இருக்க வேண்டும். மூன்றாவது கீழே இருந்தால் அட்டை ஊமை.

ஈயம் ஒட்ட விருப்பமில்லாதவர்கள் விம் மினி என்ற ஆயத்தப் பிளேயர் பெட்டியை வாங்கலாம். அதில் 3.5 மில்லிமீற்றர் வெளியீடு உண்டு, 5 கிகாஹேர்ட்ஸ் வைபையும் உண்டு, லிரியனுக்குப் பிளேயராகவும் இணையும். வெளிநாட்டிலுள்ள சொந்தக்காரர் யாராவது வரும்போது சொல்லிவிடக்கூடிய சாமான். கனடா, அமெரிக்காவிலிருந்து அம்பிளிபயர் கொண்டுவருவதென்றால் மட்டும் பின்பக்க எழுத்தைப் படிக்கச் சொல்லுங்கள். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் இங்குள்ள 230 வோல்டில் கருகிவிடும்.

இனி வைபை. இந்த ஒழுங்கில் வரும் முறைப்பாடுகளில் பெரும்பங்கு ஸ்பீக்கரிலோ பையிலோ இல்லை, ரவுட்டர் வைத்த இடத்தில் இருக்கிறது. 4ஜி ரவுட்டர் உள்ள வீடுகளில் சிக்னலுக்காக அதை யன்னலோரம் வைப்பார்கள். அதனால் வீட்டின் மறுகோடியில் உள்ள குசினிக்கு இரண்டு மூன்று சீமெந்துச் சுவர்களைத் தாண்டித்தான் வைபை போகும். பை சீரோ 2 டபிள்யூவுக்கு 2.4 கிகாஹேர்ட்ஸ் மட்டும்தான். அதையும் கொண்டுபோய் உருக்கு அலுமாரிக்குப் பின்னாலும் பிரிட்ஜுக்கு மேலும் வைத்தால் மிச்சமிருக்கும் சிக்னலும் போய்விடும். பை இருக்கும் இடத்தில் போனைப் பிடித்து, வைபை அளக்கும் செயலி ஒன்றில் பாருங்கள். சிக்னல் பலம் மைனஸ் 67 டிபிஎம் அல்லது அதைவிட நல்லதென்றால் (பூச்சியத்துக்குக் கிட்டவென்றால்) கவலையில்லை. மைனஸ் 75க்குக் கீழே போனால் பாட்டு வெட்டும்.

திருத்தம் சுலபம். 4ஜி ரவுட்டர் யன்னலிலேயே இருக்கட்டும். பழைய ரவுட்டர் ஒன்றை வீட்டின் நடுவில் வைத்து, இரண்டுக்கும் இடையில் ஒரேயொரு ஈதர்நெட் கேபிள் இழுங்கள். நடு ரவுட்டரில் டிஎச்சிபியை (சாதனங்களுக்கு முகவரி கொடுக்கும் வேலையை) நிறுத்தி, அதன் முகவரியை மற்றதோடு மோதாமல் மாற்றி, கேபிளை லேன் துளையிலேயே குத்த வேண்டும். வேன் துளையில் (இன்டர்நெட் வருவதற்கான துளையில்) குத்தினால் வீட்டுக்குள் இரண்டு வலையமைப்பு உருவாகும். பிளேயர்கள் சேர்வரைத் தேடுவது 3483 என்ற போர்ட்டில் வலையமைப்பு முழுவதற்கும் குரல் கொடுத்துத்தான். அந்தக் குரல் அடுத்த வலையமைப்புக்குக் கேட்காது. பாட்டு வராததற்கு வேறு எதையும் கழற்றிப் பார்க்கமுதல் இதைப் பாருங்கள். 'கெஸ்ட்' வைபையில் பையை இணைத்தாலும் இதே கதைதான், அது சாதனங்களை ஒன்றையொன்று பார்க்க விடாது.

சேர்வர் பையைக் கேபிளிலேயே இணைக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. சேர்வரும் வைபையில் இருந்தால் ஒவ்வொரு பாட்டும் காற்றில் இரண்டு தரம் பயணிக்கும், ரவுட்டருக்கு ஒருமுறை, அங்கிருந்து பிளேயருக்கு இன்னொருமுறை. சீடித் தரத்து ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கிய கோப்பு) பாட்டு ஒன்றுக்கு நொடிக்கு ஒரு மெகாபிட் அளவில் போதும். கேபிளில் சேர்வர் இருந்தால் ஐந்து அறை ஒன்றாகப் பாடினாலும் சாதாரண ரவுட்டர் தாங்கும். 2.4 கிகாஹேர்ட்ஸில் அகலம் 20 மெகாஹேர்ட்ஸ், சனல் 1, 6, 11 இல் அயல்வீடுகள் குறைவாகப் பாவிப்பது. பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2. டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்தால் சீரோ இணையாமல் நிற்கும்.

நிறுவுவதற்கு அதிக நேரம் எடுக்காது. பைகோர்பிளேயர் படிமத்தை (இமேஜ் கோப்பை) இறக்கி, ராஸ்பெரி பை இமேஜர் அல்லது பலீனா எட்சரால் எஸ்டி கார்டில் எழுதுங்கள். கார்டைக் கழற்றிக் குத்தினால் பூட் பிரிவு தெரியும். அங்கே டபிள்யூபிஏ சப்ளிகன்ட் என்று தொடங்கும் மாதிரிக் கோப்பு இருக்கும். வைபை பெயர், கடவுச்சொல், நாட்டுக்குறி எல்கே ஆகியவற்றை எழுதி, கோப்புப் பெயரின் கடைசியிலுள்ள 'சாம்பிள்' என்பதை நீக்குங்கள். நாட்டுக்குறி பிழையானால் 12, 13ஆம் சனல்களிலுள்ள ரவுட்டர் பையின் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். பை எழும்பியதும் பிரவுசரில் 'பிசிபி.லோக்கல்' என்று அடிக்கலாம்; சில போன்களில் அது திறக்காது, ரவுட்டரின் பட்டியலில் ஐபி முகவரியைப் பார்த்து அடிக்க வேண்டும். ஸ்குவீஸ்லைட் (பையைப் பிளேயராக்கும் மென்பொருள்) பக்கத்தில் ஒலி வெளியீட்டைத் தெரிவுசெய்யுங்கள். ஊதா அட்டைக்கு ஹைபைபெரியின் சாதாரண டிஏசி என்ற தெரிவு பொருந்தும். ஒவ்வொரு பிளேயருக்கும் 'குசினி', 'விறாந்தை' என்று வெவ்வேறு பெயர் வையுங்கள்.

சேர்வர் பையில் முதலில் கார்டின் பிரிவைப் பெரிதாக்க வேண்டும், தொடக்கத்தில் அது மிகச் சிறியது. பிறகு எல்எம்எஸ் (லிரியன் மியூசிக் சேர்வர்) பக்கத்தில் நிறுவல். டிஸ்க் விண்டோஸ் கணினியில் என்டிஎஃப்எஸ் வடிவில் தயாரானதென்றால் பைகோர்பிளேயருக்கு அது தெரியாது. அதே பக்கத்தில் மேலதிகக் கோப்பு முறைகளை நிறுவிய பிறகே தெரியும். ரவுட்டரில் சேர்வருக்கு நிலையான ஐபி முகவரி ஒதுக்குங்கள். பிறகு எந்தப் போனிலும் அந்த முகவரியோடு 9000 என்ற போர்ட்டைச் சேர்த்துத் திறந்தால் பாட்டுப் பெட்டி கையில்.

அறைகளை ஒன்றுசேர்ப்பது பட்டியலில் பெயரைத் தொடுவதோடு முடிகிறது. ஒத்திசைவு நன்றாகவே இருக்கும், அதாவது ஒரே வகைப் பிளேயர்களுக்கிடையில். ஒரு அறையில் சவுண்ட்பார் இருந்தால் அது தன் பங்குக்குத் தாமதம் சேர்க்கும். எங்கள் பக்கத்து வீடுகளில் கதவுக்கு மேல் காற்றோட்டத் துளைகள் இருப்பதால் ஒரு அறைச் சத்தம் மற்ற அறைக்குத் தாராளமாகப் போகும், எதிரொலி உடனே காதில் படும். லிரியனில் பிளேயர் அமைப்புக்குள் ஒத்திசைவுப் பகுதியில் ஒலித் தாமதத்தை மில்லிசெக்கன் கணக்கில் கொடுக்கலாம். தாளம் தெளிவான பாட்டொன்றைப் போட்டு, இரண்டு ஸ்பீக்கருக்கும் சம தூரத்தில் நின்று 10, 10 ஆக மாற்றிப் பாருங்கள். நடுவில் நிற்பது முக்கியம்: 30 பாகை வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 349 மீற்றர் ஓடும், 10 மீற்றர் தூரமே 29 மில்லிசெக்கன் தாமதம் தரும். ஒரு ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்று சரிசெய்தால் மற்ற இடமெல்லாம் பிழைக்கும்.

உம் என்ற இரைச்சல் வந்தால் பெரும்பாலும் பையும் சிறிய அம்பிளிபயரும் ஒரே அடப்டரிலிருந்து மின் எடுப்பதுதான் காரணம். தனித்தனி அடப்டர் கொடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஒலிக் கேபிளின் நடுவில் கிரவுண்ட் லூப் ஐசலேட்டர். கல்லடி, நாவலடி போலக் கடலோரத்தில் உள்ளவர்கள் பையைத் திறந்த அட்டையாக வைக்க வேண்டாம். உப்புக்காற்றில் பின்களும் துளைகளும் பச்சை பிடிக்கும், ஒரு பக்க ஸ்பீக்கர் விட்டுவிட்டுப் பாடும். மூடிய பெட்டியும் ஆண்டுக்கொருமுறை கொன்டாக்ட் கிளீனரும் போதும். ஒக்டோபர், நவம்பர் இடிமழையில் பிளக்கோடு ஈதர்நெட் கேபிளையும் கழற்றிவிடுங்கள். தனியாக நிற்கும் வெளிக்குசினிக்கு வளவு வழியாகக் கேபிள் இழுத்திருந்தால் இது கட்டாயம்.

வீட்டுச் சேர்வரின் உண்மையான பெறுமதி அதில் ஏற்றும் பாட்டில் இருக்கிறது. வைகாசிக் குளிர்த்திப் பாடல், வடமோடி, தென்மோடிக் கூத்துப் பதிவு, அக்கரைப்பற்றுப் பக்கத்துப் பொல்லடிப் பாட்டு என்று கசெட்டில் கிடப்பவற்றைப் பணம் கட்டிக் கேட்கும் செயலிகளில் தேடிக் களைக்க வேண்டாம். கணினியில் 44.1 கிலோஹேர்ட்ஸ், 16 பிட்டில் பதிந்து ஃபிளாக்காகச் சேமித்தால் லிரியன் எல்லா அறைக்கும் கொண்டுபோகும். ஆனால் பெயர்களில் கவனம் வேண்டும். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய பாட்டுப் பெயர்கள் திரையில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத்தான் வரும். எம்பி3டேக் மென்பொருளில் யூனிகோடில் மாற்றி எழுத வேண்டும். திரைப்பாடல் தொகுப்பு பாடகருக்கொரு அல்பமாகச் சிதறினால், 'அல்பம் ஆர்ட்டிஸ்ட்' என்ற இடத்தில் எல்லாப் பாட்டுக்கும் ஒரே இசையமைப்பாளரின் பெயரைப் போட்டு, லிரியன் அமைப்பில் டிபிஇ2 என்ற எம்பி3 குறியை அல்பம் ஆர்ட்டிஸ்டாக எடுக்கச் சொல்லுங்கள்.

ஒரு குறை சொல்லத்தான் வேண்டும். பை 4இலும் சீரோவிலும் மணிக்கூட்டுச் சில்லு இல்லை. கரண்ட் வந்து இன்டர்நெட் வராத காலையில் நேரம் பிழையாக இருக்கும், சுப்ரபாதத்துக்கோ சஹருக்கோ வைத்த அலாரம் வேறு நேரத்தில் அடிக்கும். அலாரத்துக்குப் போனை நம்புங்கள். ஸ்பொட்டிபை மட்டும் கேட்கும், சொந்தப் பாட்டுக் கோப்பு ஒன்றுமில்லாத வீட்டுக்கும் இந்த ஒழுங்கை வற்புறுத்தத் தேவையில்லை. அவர்களுக்கு விம் மினிகளே போதும். ஆனால் 320 கிலோபிட்டில் மணிக்கு 144 மெகாபைட், நாளுக்கு மூன்று மணிநேரம் என்றால் மாதம் 13 ஜிபி டேட்டா என்ற கணக்கை வைத்துக்கொள்ள வேண்டும்.

மற்றவர்கள் எல்லாவற்றையும் ஒரேயடியாக வாங்க வேண்டாம். பை 4, யூஎஸ்பி டிஏசி, ஏற்கனவே வீட்டிலுள்ள அம்பிளிபயர்: இவ்வளவோடு ஹோலில் தொடங்குங்கள். பாட்டுகளுக்குப் பெயர் திருத்தி, வைபையை ஒழுங்குபடுத்தி முடித்த பிறகு முதல் சீரோவைச் சேருங்கள். அது சேர்வரைத் தானே தேடிப் பிடித்துப் பட்டியலில் வந்து நிற்கும்.