டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி) வேலையைக் கற்க எது உதவும்: சான்றிதழா, சொந்த லேபா, சக டிபிஏக்களா?

சான்றிதழின் பலம் அதன் பாடத்திட்டம்தான். மைக்ரோசாஃப்டின் டிபி-300 தேர்வுக்குப் படிப்பவர் பாதுகாப்பு, கண்காணிப்பு, குவெரி டியூனிங் (தரவுக் கேள்விகளை வேகப்படுத்துவது), பேரிடர் மீட்பு என்று அன்றாட வேலையில் கைபடாத மூலைகளையும் தொட்டே ஆகவேண்டும். ஆனால் அது மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையான அஷூரை மையமாகக் கொண்டது. சொந்த சர்வரில் மட்டும் மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸான எஸ்க்யூஎல் சர்வரை ஓட்டுபவருக்குப் பாடத்தில் கணிசமான பகுதி உடனே பயன்படாது. ஆயுளும் குறைவு: ஓராண்டில் காலாவதியாகும், இலவச ஆன்லைன் மதிப்பீடு எழுதிப் புதுப்பிக்க வேண்டும். வேலை மாறும்போது பயோடேட்டாவில் அதற்கு மதிப்புண்டு. தேர்வில் கேட்ட கேள்விகளை மனப்பாடம் செய்து வாங்கிய சான்றிதழ் முதல் நேர்காணலிலேயே பல்லிளித்துவிடும்.

லேபுக்கு, அதாவது சொந்தக் கணினியில் வைக்கும் சோதனை டேட்டாபேஸுக்கு, பெரிய செலவில்லை. எஸ்க்யூஎல் சர்வர் டெவலப்பர் பதிப்பில் (2025 பதிப்பில் அதன் பெயர் என்டர்பிரைஸ் டெவலப்பர்) என்டர்பிரைஸ் வசதிகள் எல்லாம் உண்டு. புரொடக்‌ஷனில் ஓட்டத்தான் உரிமம் இல்லை. ஆரக்கிளின் இலவசப் பதிப்பு 2 சிபியூ த்ரெட், 2 ஜிபி மெமரி, 12 ஜிபி பயனர் தரவு என்ற வரம்போடு வருகிறது. திறந்தமூல டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸுக்கு அப்படி வரம்பே இல்லை.

லேபில் செய்ய ஒரே ஒரு பயிற்சி என்றால், குறிப்பிட்ட நேரத்துக்கு ரீஸ்டோர் செய்வதை, அதாவது டேட்டாபேஸை அந்த நேரத்து நிலைக்கு மீட்பதைத்தான் சொல்வோம். போஸ்ட்கிரெஸோடு வரும் லோடு சோதனைக் கருவியான பிஜிபெஞ்சில் அளவு 100 வைத்துத் தரவை உருவாக்கினால் முதன்மை டேபிளில் 1 கோடி வரிசைகள் கிடைக்கும். ஆர்க்கைவ் முறையை (மாற்றங்களைப் பதியும் லாக் கோப்புகளை வேறிடத்தில் சேமிப்பது) இயக்கி ரீஸ்டார்ட் செய்து, பேஸ் பேக்கப் (டேட்டாபேஸின் முழு நகல்) எடுத்து, சில நிமிடம் லோடு கொடுத்து, நேரத்தைக் குறித்துக்கொண்டு டேபிளை டிராப் செய்யுங்கள். பிறகு வேறொரு டைரக்டரியில் அந்த நேரத்துக்கு மீட்டெடுங்கள்.

இதில் சறுக்கும் இடங்கள் பல. மீட்பு நேரத்தோடு டைம்ஸோன் எழுதாவிட்டால் சர்வரின் அமைப்பையே அது எடுத்துக்கொள்ளும். அது உங்கள் டைம்ஸோனாக இல்லாவிட்டால் மீட்பின் இலக்கு சில மணிநேரம் தள்ளிப்போகும். இலக்கை எட்டியதும் இயல்பாகவே மீட்பு இடைநிறுத்தத்தில் நிற்பதால் டேட்டாபேஸ் ரீட்-ஒன்லியாக இருக்கும்; பழுது என்று பதறவேண்டாம், தொடரச் சொல்லும் ஃபங்ஷனை ஓட்டினால் போதும். லோடு குறைவான லேபில் 16 எம்பி லாக் கோப்பு நிரம்பாது, ஆர்க்கைவுக்கும் போகாது. அப்போது 13 முதலான பதிப்புகள் இலக்கை எட்டவில்லை என்று பிழை காட்டி நின்றுவிடும். லாக் கோப்பைக் கட்டாயமாக மாற்றிவிட்டால் இது தீரும். பழைய பாடக்குறிப்பைப் பார்த்து மீட்பு அமைப்புகளை 'ரெக்கவரி.கான்ஃப்' கோப்பில் வைத்தால் 12ஆம் பதிப்பு முதல் சர்வர் கிளம்பவே மறுக்கும்.

லேபின் குறை ஒன்றே: எதை உடைக்கத் தோன்றுகிறதோ அதைத்தான் உடைப்போம். தோன்றாததைக் காட்ட மற்றவர்கள் வேண்டும்.

டிபிஏ சமூகங்களில் அமைப்புகள் வரும், போகும். எஸ்க்யூஎல் சர்வர் பயனர்களுக்காக 1999-இல் தொடங்கிய பாஸ் அமைப்பு 2021 ஜனவரியில் மூடப்பட்டது. 2007-இல் ஆர்லாண்டோவில் பிறந்த எஸ்க்யூஎல் சாட்டர்டே கூட்டங்கள் அதன் பிறகும் நடக்கின்றன. கேள்வி கேட்கும்போது பதிப்பு எண், உண்மையில் ஓடிய எக்சிகியூஷன் பிளான் (குவெரியை டேட்டாபேஸ் நிறைவேற்றிய விதம்), டேபிள் மற்றும் இண்டெக்ஸ் வரையறை, வரிசை எண்ணிக்கை, மாற்றிய செட்டிங்குகள் எல்லாவற்றையும் கொடுங்கள். 'குவெரி ஸ்லோவா இருக்கு' என்று மட்டும் கேட்டால் ஊகம்தான் பதிலாக வரும். கேட்ட அறிவுரையையும் வயது பார்த்தே எடுக்கவேண்டும். இண்டெக்ஸ் (தேடலை வேகப்படுத்தும் அட்டவணை) 30 சதவீதம் சிதறினால் ரீபில்ட் செய் என்பது சுழலும் டிஸ்க் காலத்து எண். இன்று ரீபில்டால் வேகம் கூடினால், கூடவே புதுப்பிக்கப்பட்ட ஸ்டாட்டிஸ்டிக்ஸே (தரவின் பரவலைப் பற்றி டேட்டாபேஸ் வைத்திருக்கும் கணக்கு) பெரும்பாலும் காரணம்.

நேரம் குறைவாக இருப்பவர் லேபில் தொடங்கட்டும். சான்றிதழை வேலை தேடும் காலத்துக்குத் தள்ளிவைக்கலாம். லேபுக்கான பாடத்தை அடுத்தவர் வெளியிட்ட விபத்து அறிக்கைகளிலிருந்து எடுக்கலாம். 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்கும் சேவையான கிட்லேபில் தவறான சர்வரின் டேட்டா டைரக்டரி அழிக்கப்பட்டது. அங்கே போஸ்ட்கிரெஸ் 9.6 டேட்டாபேஸுக்கு 9.2 பதிப்பின் டம்ப் கருவி (பேக்கப் நகல் எடுக்கும் கருவி) ஓடித் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் அனுப்புநர் சரிபார்ப்பில் நிராகரிக்கப்பட்டன. சுமார் 6 மணிநேரத் தரவு போனது. பழைய டம்ப் கருவியைப் புதிய சர்வர்மேல் ஓட்டி இதே தோல்வியை லேபில் உண்டாக்குவது எளிது. உண்டாக்கிவிட்டு, உங்கள் எச்சரிக்கை மின்னஞ்சல் வந்து சேர்கிறதா என்று பாருங்கள்.