சுகர் மிஷின் வாங்குகிறீர்களா? மெமரி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்

வீட்டிலேயே சுகர் பார்க்க மிஷின் வாங்கலாமா, வாங்கினால் எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் அப்பாவுக்காக வாங்கிய ஒன்று சில வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கிறது. அது எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. அக்கு-செக், ஒன்டச், கான்டூர், டாக்டர் மோர்பென் என்று மருந்துக்கடையில் கிடைக்கும் எதை எடுத்தாலும் அடிப்படை வேலை ஒன்றுதான், நான் சொல்ல வருவதும் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

முதலில் மிஷின். ஸ்ட்ரிப் என்கிற சின்னப் பட்டையைச் செருகி, விரலில் குத்தி, துளி ரத்தத்தை ஸ்ட்ரிப்பின் ஓரத்தில் காட்டினால் அதுவே உறிஞ்சிக்கொள்ளும், சில நொடிகளில் எண் வந்துவிடும். பெரும்பாலான மிஷின்களில் ஸ்ட்ரிப்பில் இருக்கும் நொதி ரத்தத்தின் குளுக்கோஸோடு சேர்ந்து சின்ன மின்னோட்டத்தை உண்டாக்குகிறது, மிஷின் அதை அளந்து எண்ணாக மாற்றுகிறது. விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. குத்தும் பேனாவில் ஆழத்தைக் கூட்டிக் குறைக்கலாம். வயதானவர்களுக்கு எண் பெரிதாகத் தெரிகிற திரை அவசியம். இந்த விஷயங்களில் எங்கள் மிஷின்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

துல்லியம் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். வீட்டு மிஷின்களுக்கு ஐஎஸ்ஓ 15197 என்று ஒரு தரம் இருக்கிறது, 2013இல் அதைத் திருத்திக் கடுமையாக்கினார்கள். அதன்படி சுகர் 100க்குக் கீழே என்றால் 15 புள்ளி வரைக்கும், 100க்கு மேலே என்றால் 15 சதவீதம் வரைக்கும் முன்னே பின்னே காட்டலாம், நூற்றுக்கு 95 தடவை அந்த எல்லைக்குள் நின்றால் போதும். அதாவது லேபில் 200 என்றால் மிஷினில் 170ம் வரலாம், 230ம் வரலாம். இதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஆனால் இதை வைத்துத்தான் நம் ஆட்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். 280 வந்தால் "மிஷின் தப்பா காட்டுது" என்பார்கள், அதே மிஷினில் 118 வந்தால் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுவார்கள். 118 வந்தபோது யாரும் மிஷினைச் சந்தேகப்பட்டு நான் பார்த்ததில்லை.

மாம்பழம் நறுக்கிய கையோடு குத்தினால் தோலில் ஒட்டியிருக்கும் சர்க்கரையால் எண் ஏறும். அப்போது சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, மறுபடி பார்ப்பது சரியான முறை. ஆனால் கழுவிய கையிலேயே மூன்று விரலில் குத்தி, வந்த மூன்றில் குறைந்ததை மட்டும் நோட்டில் எழுதுவது வேறு விஷயம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுமே "இன்னொரு தடவை பார்த்தேன்" தான். எதற்காகப் பார்த்தோம் என்பது குத்தியவருக்கு மட்டும் தெரியும், கொஞ்ச நாளில் அவருக்கும் மறந்துவிடும்.

இப்போது மெமரி. நான் இந்த மிஷினைப் பரிந்துரைக்க இதுதான் முதல் காரணம். பார்த்த எண்ணை நாள், நேரத்தோடு நூற்றுக்கணக்கில் சேமித்து வைக்கிற வசதி. வாங்கியபோது இதை யாரும் கவனிக்கவே இல்லை.

அப்பா கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, காலை, மதியம், இரவு என்று கட்டம் பிரித்து, நீல மையில் சுகர் நோட்டு எழுதுவார். அழகான நோட்டு. 120, 135, 140, 125, 150. டாக்டரம்மா அதை இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "சார், எல்லாம் சைபர்லயும் அஞ்சுலயுமே முடியுதே, மிஷினைக் கொஞ்சம் கொடுங்க" என்றார். மெமரியைத் திறந்தால் காலை எண்கள் இருக்கின்றன, அவையும் 137, 152, 161 என்று. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்ததாக நோட்டில் இருக்கும் எண்களில் பாதிக்கு மேல் மிஷினில் இல்லவே இல்லை. அப்பா கோபப்படவில்லை. "வழக்கமா அவ்வளவுதாம்மா இருக்கும், அதான் எழுதிட்டேன்" என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் அதை முழுக்க நம்பித்தான் சொன்னார். டாக்டரை ஏமாற்ற நினைக்கிற மனுஷர் இல்லை அவர். நாற்பது வருடம் பிள்ளைகளின் விடைத்தாளில் அரை மார்க்குக்கூடத் தப்பாகப் போடாதவர்.

அவர் மட்டும் இல்லை. 1984லேயே அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் இதைப் பற்றி ஓர் ஆய்வு வந்திருக்கிறது. உள்ளே மெமரி சிப் இருப்பதைச் சொல்லாமல் சர்க்கரை நோயாளிகளிடம் மிஷினைக் கொடுத்து, அவர்கள் எழுதிய நோட்டை அதோடு ஒப்பிட்டார்கள். பார்க்காத எண்களை எழுதியிருந்தார்கள், அதிகமாக வந்ததை விட்டிருந்தார்கள், மொத்தத்தில் நோட்டில் இருந்த சராசரி உண்மையைவிடக் குறைவாக இருந்தது. எந்த ஊர் மனுஷரும் இப்படித்தான் போலிருக்கிறது.

இதில் கெட்டுப்போவது என்ன என்று சொல்கிறேன், ஏனென்றால் "ஒரு எண்ணை மாற்றி எழுதினால் என்ன ஆகிவிடும்" என்பதுதான் எல்லோருடைய எண்ணமும். நோட்டில் இரவு 140 என்று இருந்தால் டாக்டர் இரவுச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவே மாட்டார். மாத்திரையை வாரத்தில் மூன்று நாள் மறந்துவிட்டு "தவறாமப் போடுறேன்" என்றால், போட்டும் குறையவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டுவார். அந்தக் கூட்டிய அளவை ஒழுங்காகப் போடுகிற நாளில், மாத்திரையைப் பொறுத்து, சுகர் 70க்குக் கீழே இறங்கி வியர்த்து விழக்கூட வாய்ப்பு இருக்கிறது. டாக்டர் வைத்தியம் பார்ப்பது நோட்டில் இருக்கிற ஆளுக்கு, மருந்து போவது நிஜ ஆளின் உடம்புக்கு.

லேப் டெஸ்டுக்கு முந்தின இரண்டு நாள் நடப்பதைச் சொல்லவே வேண்டாம். இரவு இரண்டே இட்லி, காலையில் ஐந்து மணிக்கு நடை, டீயில் சர்க்கரை இல்லை. டெஸ்ட் முடிந்து வெளியே வந்ததும் பக்கத்துக் கடையில் வடையும் காபியும். வெறும் வயிற்று எண் நன்றாகவே வரும். அதனால்தான் மூன்று மாசச் சுகர் என்கிற ஹெச்பிஏ1சி டெஸ்ட் இருக்கிறது. ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும், அந்தக் காலம் முழுக்க ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை இருந்ததோ அதற்குத் தகுந்த மாதிரி ஹீமோகுளோபினில் ஒட்டும். இரண்டு நாள் பட்டினி அதை ஒன்றும் செய்யாது. ரத்தசோகை இருந்தால் இந்த எண்ணும் மாறலாம், அதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு 8.2 வந்தது. அதற்குச் சராசரிச் சுகர் ஏறக்குறைய 190 என்று அர்த்தம். நோட்டின் சராசரி 140ஐத் தாண்டவில்லை.

அதற்குப் பிறகுதான் மிஷின் உண்மையில் வேலை செய்ய ஆரம்பித்தது. பார்க்க வசதியான நேரத்தில் பார்ப்பதை விட்டுவிட்டு, சாப்பிடுவதற்கு முன் ஒரு தடவை, சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரத்தில் ஒரு தடவை, ஜோடியாகப் பார்க்கச் சொன்னார் டாக்டரம்மா. சுகர் உள்ளவர்களுக்குப் பொதுவாக வெறும் வயிற்றில் 80 முதல் 130, சாப்பிட்ட பிறகு 180க்குள் என்பார்கள், வயதைப் பொறுத்து டாக்டர் மாற்றிச் சொல்வார். அப்பாவின் நம்பிக்கைகள் ஒவ்வொன்றாக இடிந்தன. கருப்பட்டிக் காபி ஒன்றும் செய்யாது என்று நினைத்திருந்தார், வெள்ளைச் சர்க்கரை போலவே ஏறியது. சோறு சாப்பிடுவதில்லை என்று பெருமையாகச் சொல்லிவிட்டு உருளைக்கிழங்கோடு ஐந்து சப்பாத்தி சாப்பிடுவார், 240. கேழ்வரகுக் கூழ் குடித்த காலையில் அவர் உடம்புக்கு இட்லியைவிட அதிகமாக ஏறியது, அதுதான் அவரை உலுக்கிவிட்டது, ஏனென்றால் சுகருக்கு நல்லது என்று ஊரெல்லாம் சொல்லிக் குடித்துக்கொண்டிருந்தார். இரவு சாப்பிட்டதும் தெருவில் கால் மணி நேரம் நடந்த நாளில் அதே சாப்பாட்டுக்கு எண் நன்றாக இறங்கியது. இதை நாங்கள் வருடக்கணக்கில் வாயால் சொல்லியிருக்கிறோம், கேட்கவில்லை. தன் விரலிலிருந்து வந்த எண்ணைக் கேட்டார்.

ஒன்று சொல்ல வேண்டும். எண்ணைப் பார்த்து வீட்டில் கத்தினால் அடுத்த தடவை உண்மையான எண் வராது. எங்கள் அத்தை வீட்டில் இதைத்தான் பார்க்கிறேன். மாமா 210 என்றால் அத்தை திட்டு, மகன் திட்டு, மருமகள் சாப்பாட்டுத் தட்டை எடுத்துவிடுவாள். அவர் இப்போது குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கிறார், எல்லா நாளும் 130 என்கிறார். பொய் சொல்கிறவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, உண்மை சொன்னால் என்ன கிடைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அந்த வீட்டுக்கு எவ்வளவு விலை உயர்ந்த மிஷின் வாங்கிக் கொடுத்தாலும் வீண்.

சரி, குறைகள். செல்போன் ஆப் இருக்கிறது, மிஷினிலிருந்து எண் தானாக அதில் ஏறுகிறது, அது நல்ல வசதி. ஆனால் அதே ஆப்பில் நாமாகவும் எண்ணைத் தட்டிப் போடலாம், இரண்டுமே ஒரே வரைபடத்தில் கலந்து வருகிறது. பழைய நோட்டுப் பழக்கத்துக்கு இது புதுக் கதவு. மிஷின் எடுத்த எண்ணுக்கு ஒரு நிறம், கையால் போட்டதற்கு ஒரு நிறம் என்று கொடுத்திருக்கலாம். அடுத்தது, சாப்பிடும் முன், சாப்பிட்ட பின் என்று குறிக்கும் பட்டன். காலை பத்து மணிக்கு 190 வந்தால் "சாப்பிட்ட பின்" என்று அழுத்திவிடலாம், சாப்பிட்டு நாலு மணி நேரம் ஆகியிருந்தாலும் கேட்க ஆள் இல்லை. நேரம் மட்டும் போதும், அந்தப் பட்டனை நாங்கள் தொடுவதில்லை.

விலை. மிஷினும் 25 ஸ்ட்ரிப்பும் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும், செலவெல்லாம் ஸ்ட்ரிப்பில்தான். வாங்கும் முன் மிஷின் விலையைப் பார்க்காமல் ஸ்ட்ரிப் விலையைக் கேளுங்கள், உங்கள் ஊர்க் கடையில் தொடர்ந்து கிடைக்குமா என்றும் கேளுங்கள். ஸ்ட்ரிப் தீர்ந்துபோனதும் "இந்த வாரம் பார்க்கல" என்று ஆரம்பிக்கும், அந்த வாரத்தில்தான் கல்யாண வீட்டுப் பந்தி வரும். கையில் ஒட்டிக்கொண்டு 14 நாள் தொடர்ந்து அளக்கிற சென்சாரும் இருக்கிறது. அதில் எப்போது பார்ப்பது என்று நாம் தேர்ந்தெடுக்க முடியாது, அது பெரிய நன்மை. ஆனால் ஒன்றுக்குச் சில ஆயிரம் ஆகிறது, எல்லோராலும் முடியாது. 2023இல் வந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. பெரும்பாலானோருக்கு விரலில் குத்தும் மிஷின்தான் கட்டுப்படியாகும்.

அப்பாவின் மூன்று மாசச் சுகர் அடுத்த டெஸ்டில் 7.4 ஆனது. மாம்பழக் காலத்தில் இன்னும் சண்டை உண்டு, இமாம்பசந்த் வந்தால் அவரால் சும்மா இருக்க முடியாது. ஆனால் சாப்பிட்டால் சாப்பிட்டேன் என்று எழுதுகிறார், 226 என்றால் 226 என்றே எழுதுகிறார். எனக்கு 7.4ஐவிட அந்த 226 பெரிய சந்தோஷம்.

மிஷினுக்கு 5க்கு 4 கொடுப்பேன், ஒரு மதிப்பெண்ணை ஆப்புக்காகக் குறைக்கிறேன். வாங்கினால் முதல் நாளே தேதியும் நேரமும் சரியாக வைத்துவிடுங்கள், பேட்டரி மாற்றினால் மறுபடி சரிபாருங்கள், நேரம் தப்பாக இருந்தால் மெமரி இருந்தும் பயனில்லை. ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்த தேதியை மூடியில் எழுதி வையுங்கள், திறந்தபின் எத்தனை மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று டப்பாவில் போட்டிருக்கும். ஒருவருக்குக் குத்திய ஊசியை இன்னொருவருக்குக் குத்தவே கூடாது. அப்புறம், டாக்டரிடம் போகும்போது நோட்டோடு மிஷினையும் எடுத்துப் போங்கள், அவர் கேட்காவிட்டாலும் கொடுங்கள்.